இருபது கிலோமீட்டர் வரைக்கும் நல்ல வண்டி

காலையிலிருந்து பட்டாசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். சன்னல் பக்கம் போனாள், வந்தாள். கீழே கார் சார்ஜில் நின்றது. பத்து மணிக்கு அதை வாங்க ஆள் வருகிறது.

பட்டாசு என்பது சின்ன மாமா வைத்த பட்டப்பெயர். நாலு பேர் கூடினால் இவள் வாயே திறக்க மாட்டாள் என்பதால் கிண்டலாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தோதான வேலைதான், இயந்திரத்தோடு பேச வேண்டியதில்லை.

புருஷன் நேர்மாறு. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். ஏறுகிறவரிடமும் பேசுவான், இறங்குகிறவரிடமும் பேசுவான். சார்ஜிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும் இந்தப் பழைய ஹைபிரிட் காரை வாங்கிய நாளிலிருந்து அவன் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "ஒன்றரை வருஷமா பெட்ரோல் பங்க் பக்கம் நான் தலைவச்சுப் படுக்கல." வேலைக்குப் போய்வரச் சார்ஜே போதும். எப்போதாவது வண்டி தானாக எஞ்சினை ஓட்டிப் பார்க்கும். உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுவான். ஒரு சொட்டுப் பெட்ரோல் வீணாகக் கூடாது.

போன வாரம் டேஷ்போர்டில் எஞ்சின் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டாசும் கூட நிற்க, மெக்கானிக் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார், பெட்ரோலை ஊறல் போட்டு வச்சிருக்கீங்களா?"

"சார்ஜ்லயே ஓட்டி மிச்சம் பிடிக்கலாம்னு..."

"நல்லா பிடிச்சீங்க போங்க! ஓட்டாம விட்டா பெட்ரோலும் கெட்டுப் போகும் சார். டேங்கை இறக்கிக் கழுவணும். பம்ப் போச்சு. எஞ்சினுக்குப் பெட்ரோல் பீய்ச்சுற இன்ஜெக்டர் நாலும் பிசின் மாதிரி அடைச்சிருக்கு. பேட்டரி முன்ன நாப்பது கிலோமீட்டர் குடுத்தது, இப்ப இருபதைத் தாண்டாது. அதை விடுங்க, எஞ்சினை மட்டும் பார்த்தாலே உங்க ரெண்டு மாசச் சம்பளம்."

புருஷன் விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொன்னான். எஞ்சின் ஓடினால்தான் அது மறுபடி எரியும். "இருபது கிலோமீட்டர் வரைக்கும் நல்ல வண்டிதானே? தள்ளிவிட்டுடலாம்" என்றான் வீட்டுக்கு வந்ததும்.

பத்து மணிக்கு வந்தவள் ஒரு நர்ஸ். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண் கட்டுகிறவள்.

"ரொம்ப தூரம் போவீங்களாம்மா?" என்றான் புருஷன்.

"ஒரு பெரியவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கார்ண்ணா. போக மட்டும் முப்பத்தஞ்சு கிலோமீட்டர். பஸ் கிடையாது. நான் போகலன்னா கட்டு மாத்த ஆளில்ல."

"கவலையே படாதீங்க. சார்ஜ் தீர்ந்தா பெட்ரோல். ரெட்டைக் குதிரை பூட்டின வண்டி!"



"ஓட்டிப் பார்க்கலாம் வாங்க. நீயும் வா பட்டாசு" என்றான். அவள் காதருகே குனிந்து, "குடும்பமா வந்தா நம்பிக்கை வரும்" என்று சேர்த்துக்கொண்டான்.

நர்ஸ் ஓட்டினாள். பக்கத்தில் புருஷன். பின்னால் பட்டாசு, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடி.

"சத்தமே இல்லண்ணா. தொட்டில் மாதிரி போகுது."

"ஒன்றரை வருஷமா..." என்று ஆரம்பித்தான் அவன்.

மலைப்பாதையின் நடுவே இந்தப் பெண் தனியாக நிற்பது பட்டாசின் கண்ணில் வந்து வந்து போனது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"அக்கா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாங்களே?"

"அவ அப்படித்தான். சொத்து எழுதி வச்சாலும் பேச மாட்டா."

பட்டாசு இரண்டு இருக்கைக்கும் நடுவே எக்கி, ஹீட்டர் குமிழைக் கடைசிவரை திருகினாள்.

இந்தக் காரில் சூடான காற்று வேண்டுமென்றால் எஞ்சின் ஓடியாக வேண்டும். அதனாலேயே குளிர்காலம் முழுக்கப் அவளுக்குப் போர்வை போர்த்திப் புருஷன் கூட்டிப்போனானே தவிர, அந்தக் குமிழைத் தொட விட்டதில்லை. பதறிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அதற்குள் எஞ்சின் இருமியது. வண்டி காய்ச்சல்காரன்போல் உதறியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

நர்ஸ் ஓரங்கட்டினாள். "என்னண்ணா இது?"

"அது வந்தும்மா... இவளுக்குக் குளிரு..."

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பெட்ரோல் கெட்டுப்போச்சு" என்றாள் பட்டாசு. யாரோ பேசுவதுபோல் இருந்தது. "டேங்க் இறக்கணும். பம்ப், இன்ஜெக்டர் நாலு, எல்லாம் போச்சு. ரெண்டு மாசச் சம்பளம் ஆகும். நீங்க மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டீங்க."

நர்ஸ் வண்டியை அணைத்தாள். பட்டாசைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"அக்கா, இதை வாசல்லயே சொல்லியிருக்கலாமே. அரை நாள் லீவு போட்டு வந்தேன்."

சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பஸ் நிறுத்தம் நல்ல தூரத்தில் இருந்தது.

புருஷன் சுற்றிவந்து ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தான்.   

"இப்ப நிம்மதியா உனக்கு?"

இல்லை. அவள் கைப்பையின் ஜிப்பை மறுபடி திறந்து மூடினாள். 

"மெக்கானிக் இன்னிக்குக் கடை திறந்திருப்பாராங்க?" என்று கேட்டாள்.