ஊறிய விறகு

நாளைக்குச் சாயங்காலம் சாப்பிட வருகிறேன் என்று அண்ணன் போனில் சொன்னான். என் கல்யாணத்துக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. தச்சரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றபோது, மரத்தைத் தவிர எதுவும் தெரியாதவனிடம் தங்கையை எப்படி ஒப்படைப்பது என்று கத்தித் தீர்த்தவன். அதற்குப் பிறகு என் கணவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தானாக வருகிறான். இந்த ஒரு வேளை சொதப்பினால் மறுபடி வரவே மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

புகை போட்ட பன்றி விலா என்றால் அவனுக்கு உயிர். இதைச் சொன்னதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் பழைய இரும்பு டிரம்மைப் பின்பக்கம் உருட்டி வந்துவிட்டார். அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே கம்பி வலையில் கறி. மூடியைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, மதியம் முழுக்கப் புகையிலேயே கிடக்கவேண்டுமாம். பட்டறை மூலையில் சாக்கில் கிடந்த மா, கொய்யா போன்ற பழமரத் துண்டுகளை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். ஊறின விறகு வெறும் ஆவிதான் விடும், காய்ந்ததையே போடுங்கள் என்றேன். மரத்தைப் பற்றி எனக்கே பாடமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? சின்னதாக ஒரு பாளம் கறியை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். வாணலியில் அலுமினியத் தாளை விரித்து, தேயிலை, சர்க்கரை, ஒரு பிடி அரிசி கொட்டி, மேலே கம்பித்தட்டில் கறியை வைத்து இறுக்கி மூடினேன். புகை ஏறியதும் ஓவனுக்கு மாற்றி மெதுவாக வேகவிட்டால் போதும். அது கறி இல்லை, டீ என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார்.

அண்ணன் வரும் நேரம் நெருங்கியது. தணலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார். டிரம்மின் அடிக்கதவைத் திறந்து கம்பியால் கிளறினேன். பாதி எரிந்த துண்டு ஒன்று வெளியே உருண்டு இரண்டாகப் பிளந்தது. வெளியே கருப்பு. உள்ளே பச்சை.

தச்சர் பெண்டாட்டிக்கு அந்தப் பச்சை தெரியாதா? கரையான் மருந்து ஏற்றிய மரம். யார் வீட்டுக்கோ மாடிக் கைப்பிடி செய்யப் போன வாரம் வாங்கி வந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அதை அறுப்பார். இதை அடுப்பில் போட்டால் புகையே விஷம் என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். அறுத்த நுனிகள் எப்படியோ பழமரச் சாக்கில் விழுந்திருக்கின்றன. ஊறிய பிறகு எல்லா மரமும் ஒரே கருப்பு. அவர் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். விலா பளபளவென்று சிவந்து, எலும்பை விட்டுக் கழன்று நின்றது. வாசனை ஆளைத் தூக்கியது. ஒரு துண்டுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசு கணக்குப் போட்டது. அந்தத் துண்டைக் காலால் வாளிக்குப் பின்னால் தள்ளிக்கூட விட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

தலை ஈரத்தோடு வந்தார். அந்த மரத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நகத்தால் சுரண்டினார். முகம் வெளிறிவிட்டது.

"எத்தன துண்டு போச்சுன்னே தெரியலயே."

"நான் கருக்கிட்டேன்னு சொல்லிடறேன். பழி என்மேல இருக்கட்டும்," என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அண்ணன் உட்காரக்கூட இல்லை. மூக்கு போன வழியில் நேரே பின்பக்கம் வந்து, மூடியைத் தூக்கி, கையை உள்ளே நீட்டினான். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க. மருந்து ஏத்தின மரம் எரிஞ்சிருக்கு. கறி முழுக்க விஷம். பாக்காமப் போட்டது நான்தான்."

அண்ணன் பிடித்த கையைப் பார்த்தான். பிறகு கறியை. பிறகு அவரை. மரம்கூடவா தெரியாது என்று இப்போது கேட்கப்போகிறான், எல்லாம் முடிந்தது என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

அண்ணன் மூடியை டிரம்மின்மேல் திரும்ப வைத்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டி எங்கே என்று கேட்டான். குப்பைத்தொட்டியில் போட்டால் தெருநாய்கள் இழுத்துத் தின்று செத்துப்போகுமாம், புதைத்துவிடலாம் என்றான்.

நான் சமையலறைக்கு வந்தேன். வாணலிக் கறியை மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு எலும்பு தேறும். பலகையில் வைத்து வெட்ட ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு வெளியே மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் ஆழமாக வெட்டவேண்டும் என்று அண்ணன் சொல்ல, இவர் மூச்சு வாங்கிக்கொண்டு சரி என்றார். மறுபடி மண் சத்தம். பிறகு அண்ணன் குரல்.

"அடுத்த தடவ விறகு நான் கொண்டு வர்றேன், மாப்பிள்ள."

கண்ணில் நீர் முட்டி, கறி எது பலகை எது என்று தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.