இஞ்சின் இல்லாத எல் காமினோ

புருஷன் லாயிட் செத்த மறுநாள் காலையில் டியோலிண்டா மாட்டுப்பண்ணை ஷெட்டின் கதவைத் தள்ளித் திறந்தபோது, அவனுடைய எல் காமினோ வண்டி நான்கு மரக்கட்டைகளின் மேல் சக்கரம் இல்லாமல் நின்றது. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பூனை படுத்திருந்தது. இஞ்சினோ பாதி மேஜையிலும் பாதி காபி டப்பாக்களிலுமாகக் கிடந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன், ஒரே மாதத்தில் முடித்துவிடுவேன் என்று லாயிட் கழற்றியது. துலாரி ஊர்ப்பக்கத்தில் எந்த ஆம்பிளையும் ஒரு மாதம் என்று சொல்லிக் கழற்றிய இஞ்சின் ஒரு மாதத்தில் திரும்ப ஏறியதாகச் சரித்திரம் இல்லை. அதற்குள் லாயிடுக்குக் கணையத்தில் நோய் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தக் கறுப்புச் சவவண்டியில என்னை ஏத்திடாத. நம்ம வண்டியிலயே கொண்டுபோ." சரி என்று தலையாட்டிவிட்டாள். சாகப்போகிறவனுக்கு வாக்குக் கொடுக்கும்போது யாருக்கு இஞ்சின் ஞாபகம் வரும்? நாளைக்கு அடக்கம். நாற்பத்தாறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவனுக்குச் சொன்ன கடைசிச் சொல் பொய்யாகப் போகிறதே.

எல் காமினோ முன்பக்கம் கார், பின்பக்கம் லாரித் தொட்டி. இது காரா லாரியா என்று யாராவது கேட்டால், "ஞாயித்துக்கிழமை கார், திங்கக்கிழமை லாரி" என்பான் லாயிட். ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார்கள். திங்கட்கிழமை அதே தொட்டியில் வைக்கோல் கட்டும், சில நாள் காய்ச்சல் கண்ட கன்றுக்குட்டியும் போகும். கல்யாணத்துக்கு முன் அந்தத் தொட்டியில் மெத்தையை விரித்து, திறந்தவெளித் திரையில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறார்கள். ஒரு படத்தின் கதையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளை ஓட்ட மட்டும் அவன் ஒருநாளும் விட்டதில்லை. "கிளட்ச் உனக்கு ஒத்துவராது" என்பான். பால் லாரியையே பின்னால் எடுக்கத் தெரிந்தவளிடம்.

அதேபோன்ற வண்டி ஊரில் இன்னொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அண்ணன் அர்மாண்டோவின் ராஞ்செரோ. அது ஃபோர்டு, இது செவ்ரலே. மச்சானும் மாப்பிள்ளையும் இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஆயுசு முழுக்க அடித்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் லாயிட் ஒருமுறை ராஞ்செரோவை இரவல் வாங்கி, திருப்பிக் கொடுக்கும்போது அதன் பின்கதவில் செவ்ரலே சின்னத்தை ஒட்டிவிட்டான். அர்மாண்டோ சுரண்டினான். பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. நோய் என்று தெரிந்தும் அண்ணன் வாசல்படி மிதிக்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் போன் செய்தாள்.

அரைமணி நேரத்தில் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, காபி டப்பாக்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தான்.

"இதை முடிச்சிருப்பானா?"

"இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் வண்டியைக் குடுண்ணே. அதுல கொண்டுபோறேன்."

"முடியாது."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்தவன்கிட்ட கூடவா வீம்பு? ஒரு தடவை வந்து பாத்தியா நீ?"

அர்மாண்டோ தொப்பியை ஒரு சுற்று சுற்றினான். "வரணும்னு ரெண்டு தடவை கிளம்பினேன், லிண்டா. உங்க கேட் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். அதுக்கு நீ என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா அவனை ஃபோர்டுல ஏத்தினா பெட்டியைத் தொறந்து இறங்கி நடந்தே போயிடுவான். சக்கரத்தை மாட்டு. நான் இழுக்கிறேன்."

"இழுக்கிறியா?"

"சங்கிலி போட்டு. அவன் அவன் வண்டியில வரட்டும். ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான். நீ பிடி."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பூனையைத் தூக்கி வெளியே விட்டாள்.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து பெட்டியைத் தொட்டியில் ஏற்றினார்கள். பின்கதவை இறக்கிக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியிருந்தது. அடக்க ஏற்பாட்டாளர், சட்டம் என்று ஏதோ ஆரம்பித்தார். ஷெரீப் ஆபீஸ் பையன் ஒருவன், லாயிடிடம் கன்று வாங்கியவன், முன்னால் போலீஸ் வண்டியில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டதால் அவரும் வாயை மூடிக்கொண்டார். அர்மாண்டோ குனிந்து சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான்.

"பிரேக் கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு காலாலயும் மிதி. சங்கிலி தொய்ய விடாத, என் முதுகுல வந்து இடிப்ப."

"பெயின்ட் போயிடுமா?"

"போனா போகுது, போ."

டியோலிண்டா முதல்முறையாக அந்த ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தாள். இருக்கை லாயிடின் உயரத்துக்குத் தள்ளியிருந்தது. விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டாள். ராஞ்செரோ மெல்ல நகர, சங்கிலி விறைத்து, ஒரு குலுக்கலோடு எல் காமினோவும் புறப்பட்டது. ஊர் பின்னால் வந்தது. இஞ்சின் சத்தம் இல்லாததால் பெட்டி கயிற்றில் முனகுவது அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. திருப்பங்களில் ஸ்டியரிங்கை மார்போடு அணைத்து இழுத்துத் திருப்பினாள். கிளட்ச் பெடல் சும்மா இருந்தது. "பாத்தீங்களா, ஒத்து வருது" என்று பின்னால் இருப்பவனிடம் சத்தமாகவே சொன்னாள்.

கல்லறைக்கு முன் பாசனக் கால்வாய்ப் பாலம். ஏற்றத்தில் சங்கிலி கிறீச்சிட்டது. உச்சியைத் தாண்டியதும் எல் காமினோ கீழ்ப்பக்கம் மூக்கை வைத்தது. சங்கிலி தொய்ந்தது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கால்கள் பெடலுக்கு மேலேயே நின்றன. யாரும் இழுக்காமல், தன் கனத்தில் தானே வண்டி ஓடியது. கொஞ்சம் வேகம்கூட எடுத்தது. திறந்த ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

முன்னால், ராஞ்செரோவின் கண்ணாடியில் அர்மாண்டோவின் கண்கள் நிமிர்ந்து அவளைப் பார்த்தன. மிதி என்று சொல்ல அவன் கை ஜன்னலுக்கு வெளியே வரவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ராஞ்செரோ கொஞ்சம் வேகம் கூட்டி, அவள் வண்டிக்கு இடம்விட்டு, முன்னால் போனது. இரண்டு வண்டிக்கும் நடுவே சங்கிலி தார்ச்சாலையில் உரசிக் கலகலத்துக்கொண்டே வந்தது.