பம்பரம்: முதல் பெட்டி முதல் கடைசிப் பெட்டி வரை

வேதநாயகியைக் கிணற்றில் தள்ளுவதற்காகத்தான் பம்பரம் என்ற விளையாட்டுப் பெட்டியைக் கண்டுபிடித்தார்கள். பெட்டியை டிவியோடு இணைத்தால் ஒரு பெண் மதில்மேல் ஓடுவாள். நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் தாண்டுவாள். தவறினால் கிணறு.

வேதநாயகி கிண்டித் தொழிற்பேட்டையில் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனியில்தான் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பொறியாளர் வரதன் வந்து, விழுவதற்கு ஒரு பெண் வேண்டும் என்றார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"வலிக்குமா சார்?"

"திரையில நீங்க வெறும் எட்டுக் கட்டம்தாம்மா. எட்டுக் கட்டத்துல என்ன வலிக்கும்?"

எட்டுக் கட்டத்து அளவுக்குத்தான் வலித்தது. எந்த ஊரில் யார் தோற்றாலும் அவள் முட்டியில் எறும்பு கடித்தாற்போல இருக்கும். பெட்டி அமோகமாக விற்றது. தெருவில் அவளுக்குத் தனி மரியாதை வந்தது.

"நேத்து பூரா உங்களைத் தள்ளிக்கிட்டே இருந்தேங்க்கா," என்றார் இஸ்திரிக்காரர்.

அவள் முட்டியைத் தடவியபடி நன்றி சொன்னாள்.

இரண்டாவது பெட்டிக்கு நிறம் தேவைப்பட்டது. அவளுடையதை எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவள் பழைய செய்தித்தாள் போல ஆகிவிட்டாள். கணவன் லோகநாதன் அதைக் கவனிக்கக் கொஞ்ச காலம் ஆனது.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப சரி."

டிவியில் அவள் மாம்பழ நிறச் சேலையில் விழுந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணெடுக்காமல் பார்த்தான். கல்யாணமான புதிதில் கூட அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதில் விழுகிறவன் அலறிக்கொண்டே விழுந்தான். ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். வரதன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அலறல் மட்டும் போதும்மா. பேச்சை நீங்களே வெச்சுக்கலாம்."

"ஆபத்து அவசரம்னா என்ன சார் பண்ணுவேன்?"

"மெதுவாச் சொல்லுங்க."

மூன்றாவது பெட்டி வெளிவந்த மாதமே அடுப்படியில் அவள் முந்தானை தீப்பற்றியது. அவள் மெதுவாகச் சொன்னாள். இந்த ஆட்டம் முடியட்டும் என்றான் லோகநாதன். அவளே வாளித் தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

நான்காவது பெட்டியில் தாண்டும் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். யாரும் அதை அழுத்துவதில்லை என்று தெரிந்துவிட்டதாம். அதற்குள் மகள் பிருந்தா படித்து முடித்து அதே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு பெட்டியையும் ஒருமுறை தள்ளிப் பார்ப்பது அவள் வேலை. கெட்டிக்காரி. காலையில் டிபன் டப்பாவை வாங்கும்போதே சொல்லிவிடுவாள்.

"அம்மா, இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வலிக்கும். அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதே."

"சரிடி. பார்த்துப் போ."

வேதநாயகி கட்டிலில் படுத்துக் காத்திருப்பாள். தள்ளுவது மகள்தான் என்று அவளுக்குத் தனியாகத் தெரியும். மற்றவர்கள் அவசரப்படுவார்கள். பிருந்தா நிதானமாகத் தள்ளுவாள்.

ஆனால் வெளிநாட்டுக்காரர்களின் புதுப் பெட்டியில் ஒரே சமயத்தில் இரண்டு பேரைத் தள்ள முடிந்தது. பம்பரம் விற்கவில்லை. கம்பெனியை மூடினார்கள். விற்காத பெட்டிகளை ஸ்ரீபெரும்புதூர்க் கிடங்குக்கு வெளியே பரப்பி, ரோடு ரோலர் ஏற்றப்போவதாகக் கேள்விப்பட்டு வேதநாயகி பஸ் பிடித்துப் போனாள்.

வெயிலில் பிருந்தா மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ரோலருக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தாள். முதல் வரிசை நொறுங்கியது. வேதநாயகிக்குக் கால் மரத்துப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மகளின் தோளைத் தொட்டாள்.

பிருந்தா திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, ஓரமா நில்லுங்க. அடிபடப் போகுது."

"பிருந்தா, நான்டி."

"யாருங்க நீங்க?"

"உன் அம்மாடி."

"எங்கம்மா அதுல இருக்காங்க," என்று பிருந்தா ரோலருக்கு அடியில் காட்டினாள். குரலில் கோபமில்லை. "மிச்சப் பேரு பின்னாடி லாரில வர்றாங்க."

லாரி வந்தது. இறக்க ஆள் போதவில்லை.

"சும்மாதானே நிக்கிறீங்க. நாலு பெட்டி இறக்கிக் கொடுங்களேன்," என்றாள் பிருந்தா.

வேதநாயகி கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறக்கத் தொடங்கினாள். பெட்டிகள் கனமே இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பிடித்து, அலுங்காமல், நிமிர்த்தி வைத்தாள்.

"அப்படி இல்லைங்க," என்றாள் பிருந்தா. "படுக்க வைங்க. அப்பதான் நல்லா நசுங்கும்."

வேதநாயகி படுக்க வைத்தாள்.