ஏழாவது பாட்டு

ஏழாவது பாட்டின் நடுவில் தன்னுடைய குரல் வரும் என்று புஷ்பராணிக்கு ஒருவரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மகள் வினோஜா தன் புது இசைத்தட்டைக் கொண்டுவந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டு முன்னறையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். மூன்று வருட உழைப்பு. அமெரிக்க நாட்டுப்புறத்துக் கன்ட்ரிப் பாட்டாம், அதுவும் நேரான கன்ட்ரி இல்லை, ஆல்ட் கன்ட்ரியாம். குதிரையும் தொப்பியும் இல்லாத கன்ட்ரி என்று புஷ்பராணி விளங்கிக்கொண்டாள். தட்டின் பெயர் 'வின்டர் டயர்ஸ்', பனிக்கால டயர்கள். ஒவ்வொரு நவம்பரும் ஊரார் கார்களுக்கெல்லாம் டயர் மாற்றி முதுகை முறித்துக்கொண்ட தகப்பன் சிவராசாவுக்காக மகள் கட்டிய பாட்டுகள். ஆறு பாட்டுக்கும் தாய் தலையாட்டினாள். ஏழாவதில் கித்தார் இழுத்து இழுத்து அழுதுகொண்டிருக்க, அதன் அடியிலிருந்து ஒரு பெண் ஒப்பாரி சொல்லி எழும்பினாள். ஆரோ பாவம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"அப்பான்ர செத்த வீட்டில ஃபோன்ல எடுத்தனான் அம்மா. அந்த இடத்திலதான் எல்லாரும் அழுகினமாம். டெக்சஸ்ல இருந்தெல்லாம் எழுதுகினம்."

வினோஜாவின் தமிழ் அன்றாட வீட்டுக் கதை அளவுக்குத்தான். அழுகைக்குள் இழுபடும் ஒப்பாரியில் அவளுக்கு இராகம் மட்டும் கேட்டிருக்கிறது. புஷ்பராணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கூப்பிடு தூரத்தில இருந்த கூடப்பிறப்பு எட்டியும் பாக்கேல்லையே, ஏழு மாசம் வாசல் பாத்த கண்ணு பூத்துப்போச்சுதே என்ர ராசா.

கூடப்பிறப்பு என்றால் அரியரத்தினம். சிவராசாவின் ஒரே தமையன். இல்-பிசாரில், அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருப்பவர். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு மாதமும் ஒருநாளும் கட்டிலடிக்கு வரவில்லை. அந்தக் கொதியில்தான் பெட்டியின் தலைமாட்டில் நின்று, அவர் முகத்துக்கு நேரே சொல்லி அழுதாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செத்த வீட்டுச் சொல்லுக்கு ஒருவரும் மறுமொழி சொல்வதில்லை. பிறகு எடுத்துக் கதைப்பதுமில்லை. வேறு நாளில் சொன்னால் உறவு அறுந்துபோகிற சொல், அன்றைக்குச் சொன்னால் வெறும் அழுகை. பெட்டியோடு அதுவும் எரிந்துவிடும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழிந்த பிறகுதான் அரியரத்தினத்தின் மனைவி வாய்விட்டாள். வரவேண்டாம் என்று சொன்னதே தம்பிதானாம். எலும்பும் தோலுமாய்க் கிடக்கிற என்னை அண்ணை பார்க்கக்கூடாது என்று ஃபோனில் அழுதானாம். இவர் சனிக்கிழமை தவறாமல் போய், ஆஸ்பத்திரிக் கார் பார்க்கில் காருக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பி வருவாராம். அன்றைக்குப் புஷ்பராணிக்குச் சோறு இறங்கவில்லை. அநியாயமாய்ச் சொல்லிவிட்டேனே என்று கிடந்து வெந்தாள். மன்னிப்புக் கேட்போமென்றால் வாயில் எடுக்கக்கூடாத கதை. எரிந்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தச் சொல்லைத்தான் மகள் இப்போது ஆயிரம் தட்டில் அச்சேற்றி வைத்திருக்கிறாள்.

"அந்த இடத்தை எடுத்துவிடேலாதோ பிள்ளை?"

"எல்லாம் வெளியில போயிட்டுது அம்மா. நெட்டிலயும் இருக்கு. ஏன், வெக்கமோ?"

ஏன் என்று சொல்லத் தொடங்கினால் பெரியப்பாவைப் பற்றித் தாய் என்ன சொன்னாள் என்பதையும் சொல்லவேண்டும். தகப்பன் போன பிறகு இவளுக்குத் தகப்பனாய் நிற்கிற மனுசன் அவர். சொல்லாவிட்டாலும் அவர் கேட்கத்தான் போகிறார். இருதலைக் கொள்ளி எறும்பென்று சும்மாவா சொன்னார்கள். "ஓம், வெக்கம்தான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் அரியரத்தினம் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார். கூப்பிட்டது வினோஜாதான். தட்டைக் கேட்டவர்கள் அந்தத் தமிழுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறார்களாம். தாயைக் கேட்டால் சும்மா அழுதனான் என்கிறாளாம். பெரியப்பாவை விட்டால் வேறு யார்? இருபது வருடம் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். சொன்னதைச் சொன்னபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவேன் என்று சத்தியம் செய்துவிட்டு வாய் திறக்கிற வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் அவரை விடவில்லை. கடையில் வாங்கின சாமான் பெட்டியில் பிரெஞ்சில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டுவார்.

புஷ்பராணி குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றாள். நிற்க முடியாமல் திரும்பி வந்தாள். ஏழாவது பாட்டு தொடங்கியிருந்தது. அரியரத்தினம் பேனையோடு தாளில் குனிந்திருந்தார். குரல் எழும்பியதும் அவருடைய கை ஒருகணம் நின்றது. தலை நிமிரவில்லை. பிறகு பேனை ஓடத் தொடங்கியது, சரிவில்லாத சின்னச் சின்ன இங்கிலீசு எழுத்தில்.

"அத்தான்" என்றாள் புஷ்பராணி. "அது அண்டைக்கு விசர்ல கத்தினது. அப்பிடியில்லையெண்டு எனக்குத் தெரியும். எழுதாதேங்கோ."

"தெரியுமெண்டு எனக்கும் தெரியும்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தாலும் அவளுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும். "ஆனால் நீர் சொன்னது இதுதானே, புஷ்பம். பிள்ளை கேட்டது அதைத்தானே."

அவருடைய தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்த வினோஜாவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்லப் போனது. முதல் வரியை இரண்டு தரம் வாசித்தாள். தாயைப் பார்த்தாள்.

"பெரியப்பா, இது..."

"இப்ப கதையாதை பிள்ளை. இன்னொருக்கா வை. ஒரு சொல் பிடிபடேல்லை."

வினோஜா தட்டுக்குக் கிட்டப் போனாள். ஊசியைத் தூக்கி, குரல் வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தாள். கித்தார் திரும்பவும் இழுக்கத் தொடங்கியது. அரியரத்தினம் ஒலிபெருக்கிப் பக்கம் காதைச் சாய்த்து, பேனையைத் தாளுக்கு மேலே பிடித்தபடி, புஷ்பராணியின் குரல் வருவதற்காகக் காத்திருந்தார்.