நேயர் விருப்பத்தில் கௌசல்யா

ராயப்பராஜ் தான் எழுதிய கட்டுரையில் கௌசல்யாவின் பெயரை மூன்றாவது தடவையாக மாற்றினார். முதலில் கோமதி என்று வைத்திருந்தார்; படித்துப் பார்த்தால் கூடவே வேலை பார்த்த கோமதி டீச்சர் வந்து கண் முன்னால் நின்றார். அடுத்து கலைச்செல்வி. அந்தப் பெயருக்கு முகமே வரவில்லை. கடைசியில் வெறும் ‘க’ என்று ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் வைத்தார். வாக்காளர் பட்டியலில் வரும் தலைப்பெழுத்து மாதிரி இருந்தது. செல்போனை மேசையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

பள்ளிக்கூட ஆய்வக உதவியாளராக முப்பத்து நாலு வருஷம் குடுவை கழுவியவர். ஓய்வு பெற்றதும் எழுத்தாளராகிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. ஆசைப்பட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ‘என் பொழுதுபோக்குகள்’ என்று வலைப்பூ ஒன்றைத் தொடங்கி, வாரத்துக்கு ஒரு நினைவாக எழுதிவந்தார். தபால்தலை சேர்த்தது, தீப்பெட்டிப் படம் சேர்த்தது, புறா வளர்த்தது என்று ஏழு கட்டுரை போட்டாயிற்று. படிப்பவர்கள் பதினாலு பேர். அதில் நாலு பேர் மச்சினன்மார். எட்டாவது, வானொலிக்குப் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போட்ட கதை. அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

பதினெட்டு வயதில் அவருக்கு அது ஒரு கிறுக்கு. பாட்டுகூட இரண்டாம்பட்சம்; பெயரைப் படிக்க வேண்டும். கார்டில் பெயர்கள் நிறைய இருந்தால் கட்டாயம் எடுப்பார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, தன் பெயருக்குப் பின்னால் தெருவில் இருப்பவர்கள், இல்லாதவர்கள், செத்துப்போன சித்தப்பா என்று இண்டு இடுக்கு விடாமல் எழுதித் தள்ளுவார். ஒரு தடவை நாய் மணியையும் சேர்த்தார். மணியையும் படித்தார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பட்டி டீக்கடை ரேடியோவில் இரண்டு பெயர்கள் ஒரே மூச்சில் வந்தன: கௌசல்யா, மோகன்குமார். ஒருத்தி எதிர்வீட்டுப் பெண், ஒருவன் கடைசி வீட்டுப் பையன். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசியதுகூடக் கிடையாது. கடைசி வரியில் இடம் மிச்சமிருந்ததால் இவர் எழுதிவைத்தது. போதாக்குறைக்கு அதற்கப்புறம் வந்தது காதல் பாட்டு. டீக்கடையில் இருந்தவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் கௌசல்யாவின் அப்பா வீட்டுக்குள் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. ஒரே மாதத்தில் அவளுடைய பள்ளிக்கூடம் நின்றது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வகுப்பில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்த பெண்.

அந்தச் சத்தம் கேட்ட அன்றோடு ராயப்பராஜ் கார்டு போடுவதை விட்டிருந்தார். கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிடும்போதெல்லாம், பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு, பெரியதை மடியிலேயே முடிந்துகொண்டு எழுந்து வந்துவிடுவார். இப்படியே நாற்பத்து இரண்டு வருஷம். சாமியார் காதில் சொல்லாததை ஊருக்கே சொல்லப் போகிறாராம், பாருங்கள். அதைவிடச் சங்கடம், கட்டுரை நன்றாக வந்திருந்தது. ஏழிலும் இல்லாத ஒரு கனம் இதில் இருந்தது. படித்தபோது அவருக்கே கண் கலங்கியது. கலங்கியதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

மனைவி ஸ்டெல்லாமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

“பேர மாத்திட்டா அந்தப் புள்ளைக்குத் தெரியாதாக்கும்? யாராச்சும் காட்டுனா மொத வரியிலயே தெரிஞ்சிரும். நேர்ல போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருங்க.”

“திட்டுனா?”

“வாங்கிக்கங்க. இப்பயாச்சும் வாங்குறீகளே.”

கௌசல்யாவின் அண்ணன் குடும்பம் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறது. அங்கே ஊரை விசாரித்துக்கொண்டு, மறுநாள் காலையில் பஸ் ஏறினார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தார். இறங்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை.

வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் தக்காளி குவிந்து கிடந்தது. நடுவில் ஒரு பலகைக்கட்டையில் உட்கார்ந்து, பழுத்ததை ஒரு பெட்டியிலும் செங்காயை ஒரு பெட்டியிலும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள்தான் கௌசல்யா. தலை நரைத்திருந்தது. கண் அப்படியே இருந்தது.

“மேட்டுப்பட்டி ராயப்பராஜ்ம்மா. எதுத்த வீடு.”

“அட, ரேடியோ அண்ணனா? வாங்கண்ணே. இப்பிடி நெழலுக்கு வாங்க. அவுக மார்க்கெட்டுக்குப் போயிருக்காக, வந்துருவாக.”

ரேடியோ அண்ணன். அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, காலிச் சொம்பை இரண்டு தடவை நகர்த்தி வைத்தார். கடைசியில், “ஒண்ணு எழுதிருக்கேன் தாயி, நீ கேக்கணும்” என்று செல்போனை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். அவள் தக்காளியைப் பிரித்தபடியே கேட்டாள். டீக்கடைச் சிரிப்பு வந்தது, அப்பாவின் சத்தம் வந்தது. ‘என் கார்டு ஒரு பெண்ணின் படிப்பைக் கொன்றது’ என்ற வரியை இழுத்து அழுத்திப் படித்தார்.

“செத்த நிறுத்துங்கண்ணே.”

நிறுத்தினார். திட்டு வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்குப் பரிசம் போட்டது ஆனி மாசம். நீங்க சொல்ற கார்டு ஆவணியில வந்துச்சு. அக்காவுக்கு எடம் அமையல, அதுக்குள்ள எளையவளுக்கு முடிச்சுட்டாகன்னு ஊரு பேசும்னு சேதிய வெளிய விடாம வச்சிருந்தாக. அம்புட்டுத்தான்.”

“அன்னைக்கு உங்கப்பா அம்புட்டுச் சத்தம் போட்டாரே?”

“அவரு என்னைக்குப் போடல? கொழம்புல உப்பு இல்லைன்னு போட்டுருப்பாரு.”

ராயப்பராஜ் அவளையே பார்த்தார். தோளிலிருந்து சிமெண்டு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது. ஆனியில் பேசி முடித்ததை ஆவணிக் கார்டின் தலையில் எப்படிக் கட்டினார்? கார்டு, சத்தம், கல்யாணம் என்று இத்தனை வருஷமாக ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாரே, பார்த்த மாதிரி. கூடவே இன்னொரு நினைப்பும் எட்டிப் பார்த்தது: கட்டுரை போச்சே. சீ, இது ஒரு பிழைப்பா என்று தன்னையே வைதுகொண்டார்.

“அப்ப படிப்பு நின்னதுக்கு நீ வருத்தப்படலையா?”

அவள் கையில் இருந்த பழத்தை முந்தானையில் துடைத்தாள்.

“ஏன் படல? இங்க வந்து ஒரு வருசம் அழுதேன். புஸ்தகத்தக்கூட ட்ரங்குப் பெட்டியில வச்சுத்தான் கொண்டுவந்தேன். அது என் அழுகைண்ணே. அத நீங்க எடுத்துக்கிறாதீங்க.”

அவர் தலையசைத்தார். அந்தக் ‘கொன்றது’ வரியை அழித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் எதிரிலேயே அழித்தார். விரல் தடுமாறி முன்னால் இருந்த இரண்டு வரியும் சேர்ந்து போயின. போகட்டும் என்று விட்டுவிட்டார்.

“ஆனா ஒரு வருத்தம் உங்க மேல உண்டு” என்றாள்.

அவர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார்.

“எம் பேரு ரேடியோவுல வந்துச்சுன்னு தெருவே சொல்லுச்சு. நான் கேக்கலண்ணே. அந்நேரம் பாத்து தண்ணிக்குப் போயிருந்தேன். அடுத்த வாரம் வரும்னு ரேடியோ பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அதுக்கடுத்த வாரமும் உக்காந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டுட்டுப் போயிறணும்னு. நீங்க போடவே இல்ல.”

பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைத்து ராயப்பராஜ் கார்டு போடுவதை நிறுத்திய வாரங்கள் அவை.

“அந்த ரேடியோக்காரவுக எப்படிச் சொன்னாகன்னு ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“ஒருக்கா சொல்லுங்க. அவுக சொன்ன மாதிரியே.”

அவருக்குக் கூச்சமாக இருந்தது. அறுபது தாண்டிய மனுஷன், முன்பின் தெரியாத ஊரில், தக்காளிக் குவியலுக்கு எதிரே. செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அந்த அறிவிப்பாளரின் நிதானத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டுச் சொல்லத் தொடங்கினார்: “அடுத்து வரும் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள், திண்டுக்கல் மேட்டுப்பட்டியிலிருந்து…”

வரிசையில் முதலில் எப்போதும் அவர் பெயர்தான் இருக்கும். அதை விட்டுவிட்டார்.

“கௌசல்யா” என்றார்.

ஒரு தக்காளியோடு அவள் கை இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்றது. அதை எதில் போடுவதென்று தெரியாதவள் போல, கொஞ்சம் வாய் திறந்தபடி, அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.