பதினோரு காலிக் கட்டங்கள்

தன் அறைக் கண்ணாடி வழியாக ஊழியர் மோனியாவின் கணினியை மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தார் ஸுஹைர். துனீசியாவின் ததாவீன் ஊர் மழைப்பதிவு அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர்; ஊழியர்களுக்கு 'ஸீ ஸுஹைர்', அதாவது ஸுஹைர் ஐயா. அலுவலகம் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளை ஓரங்கட்டிவிட்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒன்றை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து அவள் மேசைக்கு வந்தார்.

"சும்மா குடுக்கிறான்னா உள்ளுக்குள்ள ஏதோ இருக்கு. நம்ம மழைக் கணக்கையெல்லாம் எவனுக்கு அனுப்புறே?"

"எவனுக்கும் இல்ல, ஸீ ஸுஹைர். இதை எப்படி எழுதியிருக்காங்கன்னு மொத்தமும் திறந்து கிடக்கு. வரி வரியா நீங்களே படிக்கலாம்."

அவர் படிக்கவில்லை. இணையக் கம்பியைப் பிடுங்கினார். அப்போதும் அது ஓடி, முன்பு காட்டிய பதிலையே காட்டியது: காட்டாற்றங்கரை மழைக் கணக்கில் பதினோரு நாட்களுக்குப் பதிவு இல்லை.

மதியத்துக்குள் அவர் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். காட்டாற்றங்கரையில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள். இருபது ஆண்டுகளில் அங்கே பெருமழையே இல்லை, பயமின்றிக் கட்டலாம் என்றது விலைக்கு வாங்கிய மென்பொருள். இவள் வேண்டுமென்றே முட்டுக்கட்டை போடுகிறாள், பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தார். அவள் மூக்கை உடைக்கவே, அங்கே மழைமானியைப் பார்த்து எழுதும் அம்மார் என்ற ஆளுக்கு அவள் எதிரிலேயே போன் போட்டார்.

"ஏன்யா, பதினோரு நாளைக் காலியா விட்டிருக்கே? மழை இல்லேன்னா சைபர் போடத் தெரியாதா?"

"மழை இல்லாத நாளுக்கு சைபர் போட்டிருக்கேனே! காலியா விட்டது காட்டாறு கரைபுரண்ட நாளுங்க. மழைமானி அக்கரையில இருக்கு. நீந்தியா போவேன்? தண்ணி வடிஞ்சு போய்ப் பார்த்தா ஜாடி நிரம்பி வழிஞ்சிருக்கும். வழிஞ்சதை எதை வச்சு அளக்க?"

ஸுஹைர் போனை வைத்தார். விலைக்கு வாங்கிய மென்பொருளின் பட்டியலைத் திறந்தார். அம்மார் காலியாக விட்ட பதினோரு கட்டத்திலும் அதுவாகவே சைபர் போட்டிருந்தது. காட்டாறு கரைபுரண்ட நாளெல்லாம் அதற்கு வறண்ட நாள். இது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று வாங்கும்போது கேட்டதற்கு, கம்பெனி ரகசியம் என்றார்கள். அதையே பெருமையாக எண்ணி வாயை மூடிக்கொண்டவர் அவர்தான்.

"இதை நம்பி இதுவரைக்கும் எத்தனை கையெழுத்து போட்டிருப்பேன்?"

மோனியா கம்பியை மறுபடி செருகினாள். "சந்தேகப்படறது தப்பில்ல, ஸீ ஸுஹைர். திறந்து காட்டுறவங்க மேல சந்தேகப்பட்டீங்க, மூடி வச்சவங்களை விட்டுட்டீங்க. ஊர் உயிரை நம்பி வைக்கிற கணக்கை, ஊர்ல யார் வேணும்னாலும் பிரிச்சுப் பார்க்க முடியணும்."

அவர் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார். "பழைய அறிக்கை எல்லாத்தையும் எடும்மா. காட்டாத்தங்கரைப் பக்கம் கட்டினதுலேருந்து ஆரம்பிப்போம்."