நெல்லிவாசலில் கூட்டம் கூட்டியது யார்?

ஜீப்பிலிருந்து குதித்த ராஜாக்கண்ணு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மலையின் குறுக்குப் பாதையில் தலைதெறிக்க ஏறினான்.

"தண்ணி எடுத்தாறேன் சார்!"

தண்ணீர் ஒரு சாக்கு. வளைவில் ரேடியேட்டர் கொதித்து நின்ற ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தவர் தாண்டவராயன், வட மண்டல மக்கள் தொடர்பு விருதுக்கு நடுவர். அவர் நெல்லிவாசலுக்குப் போய்ச் சேரும் முன், ஊர்க்கவுண்டர் வேடியப்பனின் வாயை அடைத்தாக வேண்டும்!

காரணம், டிரைவர் கோபால் பானெட்டைத் திறக்கும் சாக்கில் சற்று முன் அவன் காதில் வைத்த வெடி.

"சார், போன மாசம் மொத காலரா ஊசி முகாமுக்கு அத்தினி ஜனம் வந்துச்சே, ஊசிக்குன்னா நெனச்சினு கீறீங்க? நிச்சயதார்த்தத்துக்கு சார்!"

"யாருக்குய்யா நிச்சயதார்த்தம்?"

"அங்க போய்க் கேளுங்க. சாமை, தேனு, கோழின்னு சீரோட வந்தாங்களே, பாக்கலியா?"

பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல், 'மக்களின் தன்னெழுச்சியான அன்பு' என்று விருது விண்ணப்பத்தில் வேறு எழுதிவைத்தான். பந்தல் போட்டதும் அவன்தான். வாசலில் வாழைமரம் கட்டி, நாதஸ்வர இசைத்தட்டை அலறவிட்டதும் அவனேதான். விழாக்கோலம் இருந்தால் ஜனம் வரும் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

ஜில்லா ஆபீசில் அவனை மக்கள் தொடர்பு உதவியாளர் என்று யாரும் மதித்ததில்லை. "யோவ் மைக் செட், ஒயரைச் சுத்துய்யா!" அவ்வளவுதான் மரியாதை. இந்த விருது கையில் வந்தால் அந்த வாய்களெல்லாம் தானாக மூடும். முன்பே இரண்டு தடவை கைநழுவியிருந்தது.

மேலே வந்தபோது மூச்சு இரைத்தது. புளியமரத்தடியில் நர்ஸ் சகுந்தலா, இரண்டாவது ஊசிக்கு மருந்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணமங்கலத்துப் பெண். ஊரையே மைக்கில் கூப்பிடுகிறவன், அவளிடம் மட்டும் "ஐஸ் போதுமா சிஸ்டர்?" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்கு அதுகூடக் கேட்காமல் வேடியப்பனிடம் ஓடினான்.

"கவுண்டரே, நடுவர் வர்றாரு. ஏன் வந்தீங்கன்னு கேட்டா, என் பேச்சைக் கேட்டு வந்தோம்னு சொல்லுங்க. நிச்சயதார்த்தம்னு வாயத் தொறந்துடாதீங்க!"

வேடியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார், வெக்கமா?"

வெட்கமா? அதற்கு அர்த்தம் கேட்பதற்குள் ஹாரன் சத்தம். ஜீப்புக்கு யாரோ வழியிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், பாவிகள்!

தாண்டவராயன் இறங்கியதும் நேராக விஷயத்துக்கு வந்தார். "மத்த ஊர்ல ஊசின்னதும் கதவைச் சாத்திக்கிட்டாங்களாம். நீங்க எப்படிங்க மொத்தமா வந்தீங்க?"

"சார் பேச்சைக் கேட்டுதாங்க வந்தோம்."

"அப்படியா? என்ன பேசினார்?"

வேடியப்பன் தலையைச் சொறிந்தார். "மேளச் சத்தத்துல ஒண்ணும் காதுல வுழலீங்க."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தனக்காக ஒரு பெரிய மனிதர் ஊர் நடுவில் தடுமாறுவதை ராஜாக்கண்ணுவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சார், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். இவங்க வந்தது ஒரு நிச்சயதார்த்தத்துக்கு. எனக்கே இப்பதான் தெரியும். விருது வேணாம் சார்."

சொன்னதும் மனசு பஞ்சாகிவிட்டது. ஆச்சரியம்!

தாண்டவராயன் புருவத்தை உயர்த்தினார். "நிச்சயதார்த்தத்துக்கு வந்தவங்க ஊசி எதுக்குப் போட்டுக்கிட்டீங்க?"

"பொண்ணே ஊசியும் கையுமா எதிர்ல நிக்குது. நல்ல நாள்ல வாணாம்னு சொல்றதாங்க? நாங்க மரியாதை தெரிஞ்ச ஜனம்!"

"பொண்ணா? யாரு?"

"தோ, நர்ஸம்மாதான். வூடு வூடா வந்து, தாம்பூலம் வெச்சி அழைச்சாங்களே."

ராஜாக்கண்ணுவுக்குக் காலடியில் மலை நழுவியது. விருது போனது போகட்டும். சகுந்தலாவுக்கா நிச்சயம்?

"ஆக, கூட்டத்தைக் கூட்டினது நீதானாம்மா!" தாண்டவராயன் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேரைச் சொல்லு. விருது உனக்குத்தான். ஆனா ஊசி போட இப்படியா ஒரு பொய் சொல்லுவாங்க?"

சகுந்தலா நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. கண்கள் மட்டும் நேராக ராஜாக்கண்ணுவிடம் வந்து நின்றன.

"பொய் இல்லைங்க சார். எங்க வூட்ல சம்மதம் வாங்கிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன். மாப்பிள்ளை இவர்தான். இவர்கிட்டதான் இன்னும் சொல்லல."